மீன் படம் போட்ட இடம்

அண்ணன் முத்தழகு வாசலில் செருப்பைக் கழற்றும்போதே பானுப்பிரியா பார்வையைத் தாழ்த்திக்கொண்டாள். நேற்று இதே நேரம் கறிச்சோறு தின்றுவிட்டு இங்கேதான் அவன் கண்ணசந்தான். அந்த நேரத்தில் அவன் பையிலிருந்த ஜி.பி.எஸ்ஸை எடுத்து, அதிலிருந்த இடங்களையெல்லாம் அவள் புருஷன் பாண்டித்துரை தன் கருவியில் ஏற்றிக்கொண்டான். பத்து வருடம் மீனுக்காகக் கடலில் அலைந்து அண்ணன் கண்டுபிடித்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு சின்னப் படம் போட்டு வைத்த இடங்கள்.

"களவில்லையா இது?" என்று அவள் கேட்டதற்கு, கல்யாணமாகி எட்டே மாதமான புருஷன் கன்னத்தைக் கிள்ளினான். "களவுன்னா அங்கன குறையணும்டி. ஒங்க அண்ணன்கிட்ட ஒண்ணாச்சும் குறைஞ்சிருக்கா? மச்சானைப் பார்த்து எழுதுனா அது பாசம்."

அவளும் சிரித்துத் தொலைத்தாள்.

"மாப்பிள எங்கத்தா?" என்றான் முத்தழகு. "அவன் கூட்டாளிக ரெண்டு பேரும் கரையில சீட்டு வெளையாடுறானுக. யாரோட கடலுக்குப் போனான்?"

"தனியாத்தான்."

அவன் அவள் முகத்தையே பார்த்தான். அவளால் மறைக்க முடியவில்லை. எல்லாவற்றையும் கொட்டினாள். "என்னையத் திட்டுண்ணே. அவுகளை ஒண்ணும் சொல்லிறாத."

அவன் திட்டவில்லை. "எந்த இடத்துக்குன்னு சொன்னானா?"

"மீன் படம் போட்டது. ரொம்பத் தூரத்துல இருக்காமே, அது."

முத்தழகு தலையில் அடித்துக்கொண்டான். "முன்ன ஒருத்தன் இப்படித்தான் பார்த்து எழுதி, நான் கண்ட இடத்தையெல்லாம் அரிச்சுட்டான். அதுலருந்து படத்தை மாத்தி வச்சிருக்கேன் பானு. மீன் கெடக்குற இடத்துக்கு நங்கூரப் படம். மீன் படம் போட்டது முங்கிக் கெடக்குற பழைய கப்பலு. கடல் தண்ணி வத்துனா, மேல் தண்ணிக்கு ஒரு முழம் கீழ இரும்பு நிக்கும். வள்ளத்தோட அடியைக் கிழிச்சுரும்."

"தண்ணி எப்ப வத்தும்?"

அவன் கரைக்கு ஓடினான். அவளும் ஓடினாள்.

வள்ளத்தில் ஏறியதும் ஒயர்லெஸ்ஸை எடுத்தான். பாம்பன் வள்ளங்கள் எல்லாம் கேட்கிற சேனல் அது. "மாப்பிள, மீன் படத்துக்குப் போகாத! நங்கூரம் போட்டதுதான் மீன் இடம். ஏலே, கேக்குதா?"

"என்னப்பா முத்தழகு, ஊருக்கே பந்தி வைக்கிற?" என்று எவனோ சிரித்தான். முத்தழகு மறுபடி மறுபடி கத்தவும், சிரித்தவனும் பேச்சை நிறுத்தினான்.

பாண்டித்துரையின் குரல் மட்டும் வரவில்லை.

"அணைச்சு வச்சிருக்கான்," என்றான் முத்தழகு. "எங்க நிக்கிறன்னு நான் கேட்டுறக் கூடாதுன்னு."

களவில்லை என்று சொன்னவன் எதற்கு அணைத்தான்? அண்ணன் அவளை நிமிர்ந்து பார்க்கவில்லை. "களவாட எவனோ ஒருத்தன் வருவான்னுதான் மீன் படத்தை அங்க வச்சேன் பானு," என்றான், எஞ்சின் கயிற்றை இழுத்தபடி.

கணுக்கால் தண்ணீரில் இறங்கி அவள் வள்ளத்தைத் தள்ளிவிட்டாள். எஞ்சின் சத்தம் தேயும்வரை அங்கேயே நின்றாள். குனிந்து பார்த்தபோது காலடியில் தண்ணீர் இல்லை. ஈர மணல்தான் இருந்தது.