கிட்டு விழுகிற காட்சி

ஹடப்சர் சிக்னலில் ஆட்டோ நின்றதும் இவர் இறங்கி நடக்கக் கிளம்பிவிட்டார். கையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தேன். என் புருஷன் பத்மநாபனுக்கு வயது அறுபத்தாறு. காலில் வெந்நீரைக் கொட்டிக்கொண்டவர் மாதிரி காலையிலிருந்தே பறக்கிறார்.

முப்பது வருஷத்துக்கு முன்னால், வீடியோ கேம் பார்லர்களில் காசு போட்டு ஆடும் மிஷினுக்கு இவர் ஒரு துப்பாக்கிச் சண்டை கேம் செய்தார். குண்டு பட்டு விழ நிஜ ஆள் வேண்டுமென்று என் தம்பி கிட்டுவைப் படம் பிடித்தார். சுவரில் பெட்ஷீட், தரையில் என் கல்யாண மெத்தை. பிள்ளைகள் கெட்டுப்போகிறார்கள் என்று பெற்றோர் சண்டைக்கு வந்தபோது, "விளையாட்டுதானே!" என்று எகிறியவரும் இவர்தான்.

மறு வருஷமே ரஞ்சன்காவ் ரோட்டில் லாரி மோதிக் கிட்டு போய்விட்டான். இருபத்துநாலு வயது. அந்தக் கேமை நான் பார்த்ததே இல்லை. இவரும் அப்புறம் அந்த மிஷினைத் தொடவில்லை.

இப்போது ஒரு கம்பெனிக்காரர்கள் அதைப் போனில் கொண்டுவருகிறார்களாம். கிட்டு சாவதை எடுத்துவிட வேண்டும், எங்களுக்கு அது ஒன்றுதான் வேண்டும். இன்று முடிவு.

அந்தக் கம்பெனி ஆபீஸில் பொறுப்பாளர் கௌஷிக்குக்கு முப்பது வயதுகூட இராது.

"அங்கிள், இப்போ வர்ற கேமுக்கு முன்னாடி இந்த ரத்தமெல்லாம் க்யூட். யாரும் தப்பா எடுத்துக்க மாட்டாங்க."

"எனக்குத் தப்பாப் படறதே! அன்னிக்கு வந்து கத்தினாளே, அவாதான் சரி." என்றார் இவர்.

கௌஷிக் இரண்டு போன்களை என் முன்னால் வைத்தான். "ரெண்டு விதமாவும் பண்ணியிருக்கோம். நீங்களே சொல்லுங்க ஆன்ட்டி."

ஒன்றில், சுட்டதும் கிட்டு புகையாக மறைந்தான். சுத்தமாக இருந்தது. இவர் மூச்சு விட்டார். அதோடு எழுந்திருக்கலாம், என் பாழும் மனசு கேட்டால்தானே? அடுத்ததை எடுத்துச் சுட்டேன்.

மார்பில் சிவப்பு. முழங்கால் மடங்கிச் சாய்ந்தான். தலை தரையில் பட்டதும், செத்தவன், உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கினான். எங்களிடம் இருப்பதெல்லாம் அவன் விறைத்துக்கொண்டு நிற்கும் நாலு ஃபோட்டோதான்.

"ஏன்னா, சிரிக்கறான்னா இவன்!"

"தெரியும். அதான் என்னால பாக்க முடியலை."

"இதுவே இருக்கட்டும்" என்றேன் கௌஷிக்கிடம். இவர் என்னைப் பார்க்காமல் எழுந்து வெளியே போனார்.

நான் என் தம்பியை மறுபடி சுட்டேன்.