ராணிக்கு வந்த தண்ணி

வேலுத்தாய் தேங்காய் நாரால் தொட்டியைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். கைதான் தேய்த்தது, கண்ணெல்லாம் ராணி மேலேயே இருந்தது. விடிந்ததிலிருந்து மூன்று தடவை வாந்தி எடுத்துவிட்டது. இப்போது கூண்டின் மூலையில் கிடந்து, எழுந்திருக்கப் பார்ப்பதும் பின்னங்கால் மடங்கிச் சரிவதுமாக இருந்தது. நிறைசினை வேறு.

"எந்திரி தாயி. ஒரு வாய் குடி. ஏன் இப்படி என் உசிர வாங்குற?"

ராணி தலையை மட்டும் தூக்கிப் பார்த்துவிட்டு மறுபடி மண்ணில் போட்டுக்கொண்டது.

தாயில்பட்டியிலிருந்து வெம்பக்கோட்டை போகிற வழியில் இருந்த அந்தப் பட்டாசுக் கம்பெனியில் வேலுத்தாய்க்கு நாய் வேலை. முன்பு ஆறு வருஷம் திரி வெட்டினாள். ஒருநாள் தீப்பட்டு வலது கையில் இரண்டு விரல் மடங்காமல் போனது. அதற்குப் பிறகு இங்கே போட்டார்கள். வெட்டவெளியில் கம்பி வலை அடித்த கூண்டு, அதற்குள் மூன்று ராஜபாளையம் நாய்கள். வடக்கேயிருந்து தீபாவளி ஆர்டரோடு வரும் பெரிய வியாபாரிகளுக்கு முதலாளி ஆளுக்கொரு குட்டி கொடுத்தனுப்புவார். சிவகாசியிலிருந்து எப்போதாவது வந்து எட்டிப் பார்ப்பார். அவர் சொன்னது ஒன்றே ஒன்றுதான். தொட்டியில் தண்ணீர் வற்றக் கூடாது, தண்ணீரில் தூசி கிடக்கக் கூடாது.

சொல்லிவிட்டுப் போய்விட்டார், மகராசன். ரெண்டு வருஷமாக மழை இல்லை. போர் தண்ணீர் வாயில் வைக்க முடியாத உப்பு. லாரித் தண்ணீர் நாலு நாளைக்கு ஒரு தடவை வந்தால் உண்டு. காற்று அடித்தால் கரிசல் புழுதி தொட்டியில் விழும், மருந்து செட்டுப் பக்கமிருந்து அடித்தால் வெள்ளிப்பொடி படலமாக மிதக்கும். ஒரு நாளைக்கு நாலு தடவை கொட்டி, தேய்த்து, மறுபடி ஊற்ற வேண்டும். அவ்வளவு தண்ணீரை எதில் பிடித்து வைக்க? அதற்காகத்தான் போன சனிக்கிழமை ஸ்டோரில் கெஞ்சிக் கூத்தாடி ஒரு நீல டிரம் வாங்கி வந்தாள். பச்சுப்பு வந்து இறங்கிய டிரம். பச்சை வெளிச்சம் எரிகிற மத்தாப்புக்குப் போடுகிற மருந்து அது.

சாம்பலும் புளியும் போட்டுத் தேய்த்தாள். அலசுவதற்கு ஒரே குடம். லாரி வராத வாரத்தில் டிரம்மை அலச மூன்று குடம் ஊற்றினால் ஊரே காறித் துப்பும். ஊரிலும் வீட்டுக்கு வீடு இந்த டிரம்தான், இப்படித்தான் கழுவுவார்கள். அவள் வீட்டிலும் பொங்கலிலிருந்து ஒன்று இருக்கிறது. மனிதர்கள் யாரும் தெரியாமல் கை விட்டு மொண்டுவிடக் கூடாதே என்று சுண்ணாம்பைக் குழைத்து டிரம் வயிற்றில் 'நாய்' என்று எழுதி வைத்தாள்.

போர்மேன் சீனிவாசகம் வந்து கூண்டுக்குள் பார்த்தார். பார்த்த மாத்திரத்தில் முகம் செத்துப்போயிற்று.

"என்னத்தத் தின்னக் குடுத்த?"

"நேத்து வச்ச சோறும் கறியும்தான் அண்ணாச்சி. மத்த ரெண்டும் நல்லாத்தான நிக்கி."

"மொதலாளி என்னையக் கொன்னே போடுவாரு." ஆபீசுக்கு ஓடினார். வேட்டி மடிப்பு அவிழ்ந்தது, அதைக் கையில் பிடித்துக்கொண்டே ஓடினார்.

முக்கால் மணி நேரத்தில் முதலாளியின் காரில் மாட்டு டாக்டர் வந்து இறங்கினார். ஊசி போட்டார், பாட்டில் ஏற்றினார், ஈறைப் பிதுக்கிப் பார்த்தார். பிறகு தொட்டியருகே வந்து குனிந்தார்.

"இந்தத் தண்ணி எதுலருந்து ஊத்துறீங்க?"

வேலுத்தாய் டிரம்மைக் காட்டினாள். டாக்டர் மூடியைத் திறந்து, விளிம்பு மடிப்புக்குள் விரலை விட்டுச் சுரண்டினார். நகத்தில் வெள்ளையாக ஒட்டிக்கொண்டு வந்தது.

"இதுல என்ன வந்துச்சு?"

சீனிவாசகம் தொண்டையைச் செருமிக்கொண்டார். "பச்சுப்பு டாக்டர். கழுவித்தான் வச்சிருக்கு."

"கழுவினா போறதா இது? விஷம்ங்க. வாந்தி வரும், காலு துவண்டுரும், நெஞ்சே நின்னுரும். சினையா இருக்குன்னு ரெண்டு மடங்கு குடிச்சிருக்கு, அதான் இது முதல்ல விழுந்திருக்கு. இந்த டிரம்ம இன்னிக்கே தூக்கிப் போடுங்க. கேன் தண்ணி வாங்கி எவர்சில்வர்ல வைங்க."

வேலுத்தாய்க்கு மகள் நினைப்பு வந்தது. சினேகா. பத்து வயசுப் பிள்ளை. பங்குனியிலிருந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு வாந்தி எடுக்கிறது, பள்ளிக்கூட பஸ்சில் படி ஏற முடியாமல் காலை இழுக்கிறது. தர்மாஸ்பத்திரியில் காலையிலிருந்து மதியம்வரை உட்கார்ந்ததற்கு, வெயில் சூடு என்று வெள்ளை மாத்திரை கொடுத்தார்கள். எந்தத் தண்ணீர் குடிக்கிறாள் என்று யாரும் கேட்கவில்லை. இவளுக்கும் சொல்லத் தோன்றவில்லை.

டாக்டர் காரில் ஏறப் போனார். வேலுத்தாய் குறுக்கே போய் நின்றாள்.

"அய்யா, மனுசங்க குடிச்சா?"

டாக்டர் அப்போதுதான் அவளைப் பார்த்தார். "யாருமே குடிக்கக் கூடாதும்மா. யாரு குடிக்கிறாங்க?"

"அவ கெடக்கா, நீங்க ஏறுங்க சார்," என்று சீனிவாசகம் கதவைச் சாத்தினார்.

மதியத்துக்குள் டெம்போவில் பத்து கேனும் மூன்று எவர்சில்வர் தொட்டியும் வந்து இறங்கின. வேலுத்தாய் ஊற்றினாள். அடி தெரியத் தெரிய நின்றது தண்ணீர். மற்ற இரண்டும் ஆவென்று குடித்தன. அவளுக்கு இருப்புக்கொள்ளவில்லை. இந்நேரம் வீட்டில் பிள்ளை டிரம்மில் டம்ளரை விட்டுக் குடிக்குமே. லீவு நாள், வெயில், எத்தனை தடவை குடிக்கும்? ஓடிப் போய்ச் சொல்லலாம் என்றால் சாயங்காலம் வரைக்கும் கேட்டைத் திறக்க மாட்டார்கள். டிரம்மைக் கவிழ்த்துவிடலாம்தான், கவிழ்த்துவிட்டு எதைக் குடிக்கக் கொடுக்க? ஊர்க் குழாயில் தண்ணீர் வந்து ஒன்பது நாளாகிறது.

இரண்டு ஆட்கள் வந்து 'நாய்' டிரம்மைச் சாய்த்து, இருந்த தண்ணீரை மண்ணில் கொட்டிவிட்டு உருட்டிக்கொண்டு போனார்கள். குப்பைக்குத்தான் போகிறது என்று நினைத்தாள். அது நேரே பேக்கிங் செட்டு வாசலில் போய் நின்றது. அங்கே ஆட்கள் குடிக்க வைத்திருந்த பழைய டிரம் விரிசல் விட்டு ஒரு வாரமாக ஒழுகிக்கொண்டிருந்தது. சற்று நேரத்தில் தண்ணி லாரியும் வந்து, ஓஸ் குழாயை அதற்குள் விட்டார்கள்.

சாப்பாட்டு நேரத்தில் வேலுத்தாய் அங்கே ஓடினாள்.

"அதக் குடிக்காதீக! விஷமாம். டாக்டர் சொல்லிட்டுப் போறாரு."

கம்பி மத்தாப்பு பெட்டி ஒட்டுகிற சோலையம்மாள் சோற்றுக் கையோடு நிமிர்ந்தாள். இவளோடு ஒன்றாகத் திரி வெட்டியவள், அடுத்த தெருக்காரி. "ஏட்டி, முன்னால இருந்ததும் பச்சுப்பு டிரம்தான? அஞ்சு வருசமா குடிக்கோம்."

"அதான் உனக்குக் காலு மதமதங்குது."

சோலையம்மாள் சோற்றைப் பிசைவதை நிறுத்தினாள். பிறகு மெதுவாகக் கேட்டாள். "சரி, வேற தண்ணிக்கு எங்கன போக? நீயே சொல்லு."

வேலுத்தாய் சீனிவாசகத்திடம் போனாள்.

"அண்ணாச்சி, அந்த டிரம்ம ஆளுக குடிக்க வச்சிருக்கீகளே!"

"நாயி லேசான ஒடம்பும்மா. நமக்குப் பழகிருச்சு. நானுந்தான் குடிக்கேன், இங்கன நிக்கலயா?" என்றார். சொல்லும்போது அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

நாலு மணிக்கு ராணி எழுந்தது. நடுங்கிக்கொண்டே வந்து புதுத் தொட்டியில் வாயை வைத்து லபக் லபக்கென்று குடித்தது. வேலுத்தாய்க்கு அழுகை வந்துவிட்டது. சந்தோஷம்தான். சந்தோஷத்தோடு ஆத்திரமும் சேர்ந்து வந்தது. மூக்கைச் சிந்திவிட்டு, தூக்குச்சட்டிப் பையிலிருந்த கலர் பாட்டிலை எடுத்து, கேனைச் சாய்த்து நிரப்பினாள். ஒரே ஒரு பாட்டில். இன்றைக்கு ராத்திரிக்கு மட்டும் பிள்ளைக்கு.

வேன் புறப்படுகிற நேரம் கேட்டில் வரிசை நின்றது. காவலாளி மொக்கைச்சாமி வழக்கம்போல ஒவ்வொரு பையாகத் துழாவினார். உள்ளே வரும்போது தீப்பெட்டி, பீடி இருக்கிறதா என்று பார்ப்பார். வெளியே போகும்போது வெடி, மருந்து. பாட்டிலைக் கண்டதும் வெளியே எடுத்தார். தூக்கி வெளிச்சத்தில் பிடித்தார். திறந்து, அண்ணாந்து ஒரு மடக்கு ஊற்றிக்கொண்டார்.

"உப்பே இல்ல. கேன் தண்ணில்லா இது! போர்மேன் அண்ணாச்சி, இங்கன வாங்க!"

சீனிவாசகம் வந்தார். வரிசை முழுக்கத் திரும்பிப் பார்த்தது.

"ஏம்மா, வாயில்லாச் சீவனோட தண்ணியவா திருடுற?"

"பிள்ளைக்கு அண்ணாச்சி. அதுக்கும் ராணிக்கு வந்த அதே நோக்காடுதான். ஒரு பாட்டிலுதான்."

"கேட்டு வாங்கிருக்கலாம்ல?"

"கேட்டா குடுத்திருப்பீகளா?"

அவர் மொக்கைச்சாமியிடமிருந்து பாட்டிலை வாங்கி அவளிடம் நீட்டினார். "கேன எண்ணி அனுப்பிருக்காக. எனக்கும் வீட்ல நாலு வயிறு இருக்கு. போ, தொட்டில ஊத்திட்டு வந்துரு. நாளைக்கு வேலைக்கு வரணும்னா ஊத்து."

வேலுத்தாய் கூண்டுக்கு நடந்தாள். எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். தொட்டி நிறைந்துதான் இருந்தது. பாட்டிலைக் கவிழ்த்தாள். தண்ணீர் விளிம்பு தாண்டி வழிந்து, கரிசல் மண்ணில் இறங்கிப் போனது. ராணி வந்து அவள் புறங்கையை நக்கியது.

திரும்பி வரும்போது பேக்கிங் செட்டு வாசலில் சோலையம்மாள் நின்றுகொண்டிருந்தாள். இவள் கையிலிருந்த காலிப் பாட்டிலை வாங்கினாள். டிரம்முக்குள் அமுக்கினாள். குமிழி விட்டு நிறைந்தது. பலபேர் கை பட்டு, 'நாய்' என்ற சுண்ணாம்பு எழுத்து டிரம்மில் பாதி அழிந்திருந்தது. பாட்டிலின் ஈரத்தை முந்தானையால் துடைத்து, மூடியைத் திருகி வேலுத்தாய் கையில் வைத்து அழுத்தினாள்.

"வெறும் பாட்டிலோட போனா பிள்ள ஏங்கிப் போகும்டி. கொதிக்க வச்சுக் குடு. வா, வேன்காரன் ஆரன் அடிக்கான்."

கேட்டில் மொக்கைச்சாமி மறுபடி பாட்டிலை வாங்கினார். வெளிச்சத்தில் பிடித்தார். மங்கலாக இருந்தது.

"இது எங்கன புடிச்சது?"

"செட்டு டிரம்முல."

"அப்பச் சரி," என்று பாட்டிலைப் பைக்குள் அவரே பத்திரமாக வைத்துவிட்டு, ஒதுங்கி வழி விட்டார்.