ஒற்றைக் குரல்

செண்பகராஜுக்கு வாய்தான் பிழைப்பு. கோவில்பட்டியிலிருந்து எட்டயபுரம் போகிற தனியார் பஸ்ஸில் கண்டக்டர். அவன் படிக்கட்டில் நின்று ஊர்ப்பெயர் சொன்னால், மதுரைக்குப் போக வந்தவரும் மறந்துபோய் எட்டயபுரம் பஸ்ஸில் ஏறிவிடுவார் என்று டிரைவர் கேலி பேசுவார். எதையும் மூன்று தரம் சொல்வது அவன் பழக்கம். ஊர்ப்பெயர் மூன்று தரம், சில்லறை கேட்பது மூன்று தரம், பெண்டாட்டியைக் கூப்பிடுவதும் "ராதா, ராதா, ராதா" என்றுதான். அப்பேர்ப்பட்ட வாயைச் சித்திரை மாதத்தில் ஒரு பக்கவாதம் வந்து அடைத்துவிட்டுப் போனது. வலது கையும் காலும் போயின. காது கேட்டது, புத்தி தெளிவாக இருந்தது. பேச்சு மட்டும் இல்லை.

ராதாமணி புதியம்புத்தூரிலிருந்து நைட்டித் துணி வாங்கிவந்து வீட்டிலேயே தைத்தாள். அவனைத் தூக்கி உட்காரவைப்பாள், துடைத்துவிடுவாள், கஞ்சி ஊட்டுவாள், மறுபடி மிஷினில் உட்காருவாள். உடம்பு அலுப்பை அவள் பெரிதாக நினைக்கவில்லை. காலையிலிருந்து ராத்திரிவரை தானே பேசித் தானே பதிலும் சொல்லிக்கொள்கிற அலுப்புதான் ஆளைத் தின்றது. "சாப்பிடுதீங்களா? சரி, சாப்பிடுவோம்." இப்படி எத்தனை நாளைக்குத்தான் பேசுவது?

ஆஸ்பத்திரியில் பேச்சுப் பயிற்சி கொடுக்கிற பெண் ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்லியிருந்தாள். "என்னைக்காவது ஒரு வார்த்தை வரும். வந்த உடனே நீங்க பதில் சொல்லணும். தன் பேச்சு போய்ச் சேருதுன்னு அவருக்குத் தெரிஞ்சாத்தான் அடுத்தது வரும்." அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் ராதாமணி காத்துக்கிடந்தாள்.

இந்த நிலையில்தான் அடுத்த வீட்டு பிரித்திகா, செண்பகராஜின் அக்கா மகள், கல்லூரியில் படிக்கிறவள், ஒரு நாள் போனில் ஒரு படக்கதையைக் காட்டினாள். ஜப்பான் மாங்கா. யாரோ கல்லூரிப் பிள்ளைகள் வசனத்தைத் தமிழாக்கி டெலிகிராமில் விடுகிறார்களாம்.

"வலது பக்கம் இருந்து படிக்கணும் அத்தை. பயமா இருக்கும், பாத்துக்கோங்க."

"நான் பாக்காத பயமாட்டி?" என்றுதான் ராதாமணி வாங்கினாள்.

கதையின் பேர் 'சாம்பல் சுரங்கம்'. வெயிலே படாத ஒரு நிலக்கரி ஊர். சுரங்கத்துக்குள் முகமில்லாத ஒன்று இருக்கிறது. அது தெரிந்தவர் குரலில் பெயர் சொல்லிக் கூப்பிடும், ஒரே ஒரு தரம். பதிலுக்கு "ஏன்" என்று குரல் கொடுத்தால் தீர்ந்தது, கொடுத்தவரின் குரல் அதற்குச் சொந்தம். சாயோ என்கிற பெண்ணின் அண்ணன் அப்படித்தான் ஊமையாகிறான். அவள் விளக்கை எடுத்துக்கொண்டு அவன் குரலைத் தேடி உள்ளே இறங்குகிறாள்.

முதல் அத்தியாயத்திலேயே ராதாமணி நிமிர்ந்து உட்கார்ந்தாள். கடம்பூர்ப் பக்கம் அவள் பிறந்த ஊரிலும் இதே பேச்சுதான். உச்சிவெயிலிலும் பொழுதடைந்தும் ஒற்றைக் குரலுக்கு ஏன் என்று கேட்கக் கூடாது. பேய் ஒரு தரம்தான் கூப்பிடும், மனுஷர் என்றால் மறுபடி கூப்பிடுவார். நம்ம ஊர்ச் சங்கதி ஜப்பான்காரனுக்கு எப்படித் தெரிந்தது என்று அவளுக்கு ஆச்சரியம்.

ஆனால் அவள் அந்தக் கதையை விடாமல் படித்ததற்குக் காரணம் வேறு. டாக்டர் ரத்தக்கட்டி என்றார். ரத்தக்கட்டியிடம் போய் யார் சண்டை போடுவது? இந்தக் கதையில் குரலை எடுத்தவன் ஒருவன் இருக்கிறான், வைத்த இடம் ஒன்று இருக்கிறது, துணிந்து இறங்கினால் வாங்கிவரலாம். பக்கத்துக்குப் பக்கம் கருப்பு மையும் எலும்பும் ரத்தமுமாக இருந்தாலும், அவளுக்கு அது ஆறுதலாக இருந்தது. ஒரு நைட்டி முடித்து அடுத்ததை எடுக்கிற இடைவெளியில்கூட போனைத் திறந்தாள்.

ஐப்பசி மழை வெறித்து ஓய்ந்த ஒரு மதியம். மிஷினை நிறுத்திவிட்டுப் படித்துக்கொண்டிருந்தாள். சாயோ பாதாளத்தில் நிற்கிறாள். சுற்றிலும் ஜாடிகள், ஒவ்வொன்றிலும் ஒரு குரல். அண்ணன் குரல் எது என்று கண்டுபிடித்து ஒன்றைத்தான் தொடலாம்.

"ராதா."

கரகரவென்று, தகரத்தை இழுத்த மாதிரி ஒரு குரல். ஒரே ஒரு தரம். ராதாமணிக்கு மயிர்க்கூச்செறிந்தது. திரும்பவில்லை. வாயை இறுக்கிக்கொண்டாள். இரண்டாவது குரலுக்காகக் காத்திருந்தாள். வரவில்லை.

டம்ளர் உருண்ட சத்தத்தில்தான் திரும்பினாள். செண்பகராஜ் இடது கையைக் கட்டில் விளிம்பில் ஊன்றி, வாய் திறந்தபடி அவளையே பார்த்துக்கொண்டிருந்தான். நெற்றியெல்லாம் வேர்வை.

"நீங்களா? நீங்களாங்க கூப்பிட்டது?"

அவன் வாயை மூடிக்கொண்டான். மெல்ல முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டான். மூன்று தரம் கூப்பிடுகிற மனுஷனுக்கு ஒன்றுக்குத்தான் தெம்பு இருந்திருக்கிறது. அந்த ஒன்றையும் இவள் பேய்க்குக் கொடுத்துவிட்டாள். ராதாமணி தலையில் அடித்துக்கொண்டு அழுதாள்.

அதன்பிறகு அவன் முயற்சியையே விட்டுவிட்டான். பயிற்சி அட்டைகளைக் காட்டினால் கண்ணை மூடிக்கொள்வான். கெஞ்சினாள், கோபப்பட்டாள், கழுகுமலை முருகனுக்கு நேர்ந்துகொண்டாள். கார்த்திகையும் பிறந்துவிட்டது. கெஞ்சுவதற்கும் ஒரு தெம்பு வேண்டுமே.

ஒரு காலையில் அட்டைகளை மூலையில் வைத்துவிட்டுக் கட்டிலோரம் தரையில் உட்கார்ந்தாள்.

"உங்க குரலு எனக்கு அடையாளம் தெரியலைங்க. அதான் நெசம். ஏன்னு சொல்லுதேன், கேளுங்க."

கேட்கிறானா இல்லையா என்று பார்க்காமல் கதையைச் சொல்ல ஆரம்பித்தாள். சாம்பல் ஊர், முகமில்லாதது, ஒற்றைக் குரல். பாதிக்கு மேல் அவன் தலை சுவரிலிருந்து திரும்பியிருந்தது. அவள் அதைக் கவனிக்காத மாதிரியே சொல்லிக்கொண்டு போனாள். ஜாடிகளுக்கு நடுவே சாயோ நிற்கிறாள். ஒரு ஜாடி மட்டும் பேசாமல் இருக்கிறது. அவள் அதன்மேல் கையை நீட்டுகிறாள்.

அந்த நேரம் பார்த்துத் தெருக்குழாயில் தண்ணீர் வந்துவிட்டது. வாரக்கணக்கில் வராத தண்ணீர். தெரு முழுக்கக் குடச் சத்தம். ராதாமணி எழுந்து இரண்டு குடங்களைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு விரைந்தாள்.

"...ப்புறம்?"

அதே தகரக் குரல். ஒரே தரம்.

இந்த முறை அவள் அடுத்ததற்குக் காத்திருக்கவில்லை. குடங்களை நிலைப்படியிலேயே போட்டுவிட்டு ஓடிவந்து அவன் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அப்புறமா? அடுத்த அத்தியாயம் இன்னும் வரலைங்க. மொழிபெயர்க்குத பிள்ளைகளுக்குப் பரீட்சையாம்."

செண்பகராஜ் அவளை முறைத்தான். பிறகு வாயின் நல்ல பக்கம் கோணிக்கொண்டு சிரித்தது.

"அத்தை, தண்ணி நின்னுரும்," என்று வெளியே பிரித்திகா கூப்பிட்டாள். மறுபடி கூப்பிட்டாள். மூன்றாம் தரமும் கூப்பிட்டாள். ராதாமணி ஏன் என்று கேட்கவில்லை.