கூடுதலாக ஒரு பாத்தி

தெய்வானை தைத்த ஒட்டுப்போர்வையைப் போர்த்திக்கொண்டு தூங்குகிறவர்கள், அந்தப் போர்வையின் டிசைன் எந்த ஊரில் கிடைத்ததோ அந்த ஊருக்குப் போய்விடுவார்கள். விழித்ததும் திரும்பிவிடுவார்கள். அவிநாசியில் அவள் குடியிருந்த தெருவில் இதற்காகவே போர்வை கேட்டு வருபவர்கள் உண்டு. பஸ் செலவு மிச்சம் என்று கூச்சமில்லாமல் சொல்வார்கள்.

தெய்வானைக்குப் பனியன் கம்பெனியில் தையல் வேலை. வெட்டு மேசைக்கு அடியில் விழும் துண்டுத் துணிகளை மூட்டை கட்டி எடுத்து வருவாள். லீவு விட்டால் போதும், பஸ் ஏறிவிடுவாள். ஊர் பார்க்கப் போகிறவர்கள் கோபுரத்தை அண்ணாந்து பார்ப்பார்கள். இவள் தரையைப் பார்ப்பாள். காரைக்குடியில் ஒரு கல்யாணத்துக்குப் போய், பொண்ணு மாப்பிள்ளையைப் பார்க்காமல் கூடத்துத் தரைப் பூக்களை மட்டும் பார்த்துவிட்டு வந்தவள். வால்பாறையில் தேயிலை வரிசைகளும், கும்பகோணத்தில் ஏதோ ஒரு லாட்ஜின் ஜன்னல் கம்பியும் அவளுக்குப் போதுமானதாக இருந்தன. வால்பாறைப் போர்வையில் தூங்கிய பக்கத்து வீட்டு ராஜலட்சுமி காலில் அட்டையோடு எழுந்தாள். உப்பைத் தேய்த்து அதை எடுத்துவிட்டு இட்லி ஊற்றப் போனாள்.

விழித்திருக்கும்போது ஒருமுறை நேரில் கால் வைத்த இடத்துக்குப் போர்வை கூட்டிப்போகாது. அதனால் தைத்தவளுக்கு மட்டும் அவை வெறும் போர்வைகள்தான். குளிருக்கு நன்றாக இருக்கும், அவ்வளவே.

அவள் வீட்டுக்காரர் ஆறுச்சாமிக்கு நூல் மில்லில் நைட் ஷிஃப்ட். அவர் வீடு வந்து சேருவதற்குள் இவள் கிளம்பியிருப்பாள். இவள் திரும்புவதற்குள் அவர் போயிருப்பார். வார லீவு இவளுக்கு ஞாயிறு, அன்று பஸ் ஏறியிருப்பாள். அவருக்குச் செவ்வாய், அன்று தூங்கியே தீர்ப்பார். இரண்டு கம்பெனி வேன்களும் மேட்டு முக்கில் எதிரெதிரே கடக்கும்போது அவர் ஜன்னல் வழியாகக் கை தூக்குவார், இவளும் தூக்குவாள். கல்யாணமான நாளிலிருந்து அவர்களுடைய குடித்தனம் இதுதான்.

தூத்துக்குடி உப்பளத்தைப் பார்த்துத் தைத்த போர்வைதான் ஆறுச்சாமிக்குப் பிடித்தது. நீலமும் வெள்ளையும் சாம்பலுமாகப் பாத்தி பாத்தியாக இருக்கும். அதைத் தவிர வேறெதையும் அவர் தொடுவதில்லை. அவருடைய தலையணை உறையை ஊறவைத்த தண்ணீர் கரித்தது.

ஒரு சனிக்கிழமை தெய்வானை வேலை முடிந்து வந்தபோது அவர் எழுந்திருக்கவில்லை. மில் வேன் ஹாரன் அடித்துப் பார்த்துவிட்டுப் போய்விட்டது. ஞாயிறும் எழவில்லை. போர்வையை உருவக் கூடாது. உருவினால் போனவர் போன இடத்திலேயே நின்றுவிடுவார். பெருமாநல்லூரில் ஒருவருடைய மைத்துனர் அப்படித்தான் கொடைக்கானலில் தங்கிவிட்டார். இப்போது அங்கே நல்ல வேலையில் இருக்கிறார்.

தெய்வானை கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து அவர் முகத்தைப் பார்த்தாள். புருவத்தில் நரை விழுந்திருந்தது. அது எப்போது விழுந்தது என்று அவளுக்குத் தெரியவில்லை. இந்த மனுஷனுக்கு வீடு வேண்டாமென்று ஆகிவிட்டதோ என்று அவளுக்குப் பயமாக இருந்தது. அழுகை வந்தது, அழுதாள். பிறகு முகத்தைக் கழுவிக்கொண்டு, சாவியை ராஜலட்சுமியிடம் கொடுத்துவிட்டுத் தூத்துக்குடி பஸ் ஏறினாள்.

உப்பளத்துக் கங்காணி அவளைக் கண்டதும் விஷயம் புரிந்தவர்போல முன்னால் நடந்தார். கோடிப் பாத்தியைக் காட்டினார். மற்ற பாத்திகளெல்லாம் வெள்ளையும் நீலமுமாகக் கிடக்க, அது மட்டும் இலைப்பச்சையாக இருந்தது.

"அந்தா உக்காந்திருக்காவ பாருங்க. இது எங்க அளத்துல சேராதும்மா. போன தைக்குப் பொறவுதான் இங்க கெடக்கு. உப்பும் வெளையாது" என்றார்.

தெய்வானைக்கு அந்தப் பாத்தி அடையாளம் தெரிந்தது. டிசைன் எடுக்க வந்தபோது அந்த மூலையில் பாத்தி இல்லை, லாரி போகும் பாதைதான் இருந்தது. மூலை குறைந்தால் போர்வை லட்சணமாக இருக்காது என்று ஒரு சதுரத்தைத் தானாகச் சேர்த்துவிட்டாள். கம்பெனித் துண்டு தீர்ந்துபோனதால் தன் பழைய பச்சை ஜாக்கெட்டின் கையை வெட்டிப் போட்டிருந்தாள்.

ஆறுச்சாமி கால்களைத் தண்ணீரில் விட்டுக்கொண்டு வரப்பில் உட்கார்ந்திருந்தார். அவளைப் பார்த்ததும் நகர்ந்து இடம் கொடுத்தார்.

"ஷிஃப்டு போயிருச்சுங்க. வேன்காரர் ஹாரன் அடிச்சுப் பார்த்துட்டுப் போயிட்டாரு" என்றாள்.

"இங்க ஒரு மணி நேரம் எச்சா இருக்குது, தெய்வானை. நீ வந்தா ரெண்டு பேரும் சேர்ந்து உக்காரலாம்னு அதைத் தொடாம வெச்சிருந்தேன். அப்படியே இருந்துட்டேன்."

அவர் சொன்னது சரியாகத்தான் இருந்தது. நிலத்தில் இல்லாத பாத்தியின் மேல், நாளில் இல்லாத நேரம்தான் விழ முடியும். பகல் ஷிஃப்டுக்கும் நைட் ஷிஃப்டுக்கும் சொந்தமில்லாத அந்த ஒரு மணி நேரம் வெளிச்சமாகத் தண்ணீர் மேல் கிடந்தது. இருவரும் அதைச் செலவழிக்க ஆரம்பித்தார்கள்.

அவள் கேஸ் அடுப்பு ஒரு பக்கம் எரியாததைச் சொன்னாள். அவர் மில்லில் புதிதாக வந்த மிஷினின் சத்தத்தைச் சொன்னார். அவளுடைய ஆள்காட்டி விரல் நகம் பிளந்திருப்பதைப் பார்த்து, எப்போது ஊசி ஏறியது என்று கேட்டார். அது ஏறி வருஷங்கள் ஆகிவிட்டன என்று சொல்ல அவளுக்கு மனம் வரவில்லை. இப்பத்தான் என்றாள். அவர் விரலை எடுத்து ஊதிவிட்டார். வலிக்காத விரலுக்கு அது இதமாக இருந்தது.

நேரம் கரைந்து முடியும்போது, தெய்வானை பையிலிருந்து சின்னக் கத்தரியை எடுத்தாள்.

"தையலப் பிரிச்சீன்னா நான் முழிச்சுக்குவேன். அப்பறம் இந்த எடத்துக்கு வர முடியாது" என்றார் ஆறுச்சாமி.

"நீங்க வர வேண்டாமுங்க. நான் இதை வீட்டுக்கு எடுத்துட்டு வர்றேன்."

வரப்பு ஓரங்களில் அவள் போட்ட தையல் அப்படியே இருந்தது. ஒவ்வொன்றாக வெட்டிக்கொண்டே பாத்தியைச் சுற்றி வந்தாள். கடைசித் தையல் விட்டதும் ஆறுச்சாமி அவிநாசியில் எழுந்து உட்கார்ந்தார். கங்காணி மறுமுனையைப் பிடித்துக்கொள்ள, நனைந்த புடவையை மடிப்பதுபோல இருவருமாகப் பாத்தியை மடித்தார்கள். தண்ணீரை முழுக்கப் பிழிய வேண்டாம், காய்ந்தால் விறைத்துக்கொள்ளும், பௌர்ணமிக்குக் கடல் இதைத் தேடி வரும் என்று அவர் சொல்லி அனுப்பினார். பஸ்ஸில் கண்டக்டர் பையைத் தூக்கிப் பார்த்துவிட்டு லக்கேஜ் டிக்கெட் போட்டார். ஈரத்தை மடியில் வைத்துக்கொள்ளாதீர்கள், சளி பிடிக்கும் என்றார்.

பாத்தியை மொட்டை மாடியில் விரித்தார்கள். வீட்டைவிடச் சற்றுப் பெரிதாக இருந்தது, ஓரங்களைச் சுவருக்கு வெளியே தொங்கவிட்டார்கள். காலையில் ஆறுச்சாமியின் வேன் வரும் நேரம் மாறவில்லை, தெய்வானையின் வேன் போகும் நேரமும் மாறவில்லை. ஆனால் நடுவில் அந்த ஒரு மணி நேரம் தினமும் புதிதாக மாடியில் கிடந்தது. அவள் மாடிக்குப் போனாள், அவரும் அங்கே வந்தார். காபி குடித்தார்கள். சில நாள் சண்டையும் போட்டார்கள். இத்தனை வருஷமாகச் சேர்த்துவைத்திருந்த சண்டைகள் அவை, நன்றாகவே இருந்தன. கீழே இறங்கும்போது தெருவில் நேரம் நகர்ந்திருக்காது.

பௌர்ணமியன்று அவர்கள் உட்கார்ந்திருக்கும்போது மாடிப்படி வழியாகக் கடல் ஏறி வந்தது. தெய்வானை எழுந்து, காயவைத்திருந்த வடகத்தை எடுத்துத் தண்ணீர்த் தொட்டியின் மேல் வைத்தாள். ஆறுச்சாமி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டார். தண்ணீர் முழங்கால் அளவுக்கு வந்ததும் ஒரு படகு மெதுவாக வந்து கைப்பிடிச் சுவரில் முட்டி நின்றது.

எத்தனை பேர் என்று படகுக்காரர் கேட்டார்.

ரெண்டு பேர் என்று இருவரும் ஒன்றாகச் சொன்னார்கள்.