கரண்ட் போனால் கையால் தள்ளலாமா?

1

ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதையை நான் யோசித்துப் பிடிக்கவில்லை. இராஜபாளையத்தில் ஒரு கடைக்கு அழைப்பு மணி வாங்கப் போயிருந்தேன். தானாகத் திறக்கும் கேட்டுகளுக்கு மோட்டாரும் விற்கிற கடை. எனக்கு முன்னால் ஐம்பத்தைந்து வயதுக்காரர் ஒருவர் நின்றுகொண்டிருந்தார். "கரண்ட் போனா கையால தள்ளலாமா?" என்று கேட்டார். சாவி போட்டு மோட்டாரை விடுவித்துவிட்டால் தள்ளலாம் என்றார் கடைக்காரர். அவர் தலையாட்டினார். செத்த நேரம் கழித்து மறுபடியும் அதையே கேட்டார். கிளம்பும்போது, செருப்பை மாட்டிக்கொண்டே மூன்றாவது முறை.

ஒரு கேட்டை நினைத்து இவ்வளவு பயப்படும் மனிதரை நான் பார்த்ததில்லை. மணியை வாங்க மறந்து வீட்டுக்கு வந்துவிட்டேன். அவர் பெயர் தெரியாது. கண்ணபிரான் என்று வைத்துக்கொள்கிறேன்.

2

எழுதிப் பார்த்த தொடக்கங்கள்:

"ஸ்ரீவில்லிபுத்தூரில் அந்தத் தெருவிலேயே பெரிய கேட் கண்ணபிரான் வீட்டு கேட்தான்." [பீற்றிக்கொள்கிற ஆளாகத் தெரிகிறார். வேண்டாம்.]

"மலைப் பக்கமிருந்து மேகம் இறங்கிக்கொண்டிருந்த ஒரு காலையில்" [மேகத்துக்கு இங்கே என்ன வேலை?]

"கோதைநாயகிக்கு நெஞ்சுவலி வந்த அன்று கேட் திறக்கவில்லை."

இதுதான். இதை எழுதப் பயந்துதான் மற்ற இரண்டையும் எழுதிக்கொண்டிருந்தேன்.

தெருவில் ஒரு பெண்ணின் சங்கிலியை பைக்கில் வந்தவர்கள் அறுத்துக்கொண்டு போனார்கள். மறுமாதமே கண்ணபிரான் பழைய கம்பி கேட்டைக் கழற்றிவிட்டு, முழுக்கத் தகரம் அடைத்த இரட்டைக் கதவு கேட்டை மாட்டினார். ஒரு கதவு முந்நூறு கிலோ. [கூட்டிச் சொல்கிறேன். இருநூற்று எண்பது.] ஆறே மாதத்தில் கீல் தளர்ந்து, கதவு சாய்ந்து, தரையை உரசத் தொடங்கியது. தன் பேண்டேஜ் துணித் தறிகளைப் பார்க்க அவர் இராஜபாளையம் போய்விட்டால், மனைவி கோதைநாயகியால் அதை அசைக்கவே முடியாது.

போன மாசியில் அவளுக்கு வலி வந்தபோது நல்லவேளை அவர் வீட்டில் இருந்தார். ஆம்புலன்ஸ் வெளியே நின்றது. உள்ளிருந்து அவரும் வெளியிலிருந்து டிரைவரும் கதவோடு மல்லுக்கட்டினார்கள். ஐந்து நிமிடம் ஆயிற்று.* "கொஞ்சம் முன்னாடி வந்திருக்கலாம்" என்றார் டாக்டர். ஸ்டென்ட் வைத்துப் பிழைத்துக்கொண்டாள். அந்த ஐந்து நிமிடம் மட்டும் கண்ணபிரானை விடவில்லை. தறிச் சத்தத்தின் நடுவே நின்று, நாளுக்கு எட்டு முறை வீட்டுக்கு போன் போடுகிறார்.

* முதலில் பத்து நிமிடம் என்று எழுதினேன். பத்து என்றால் அவள் பிழைத்திருக்க மாட்டாளோ என்று எனக்கே பயம் வந்து, பாதியாகக் குறைத்தேன்.

3

மோட்டார் மாட்டுகிற ஜெபின் அளவெடுக்க வந்தான்.

"தூணு ரொம்ப அகலம், அண்ணாச்சி. கீலும் தள்ளி உள்ள இருக்கு. நேரா நீளுற பிஸ்டன் சரிப்படாது. முழங்கை மாதிரி மடக்குற கை வச்ச மோட்டாருதான் தோது."

"தரைக்கு அடியில புதைக்கிறது இருக்காமே?"

"மழைத்தண்ணி எறங்கிரும். இன்னொண்ணு, இது காத்து போக வழியில்லாத தகரம். ஆடிக் காத்துல மோட்டாரைப் பேத்துரும். நின்ன எடத்துல தானா பூட்டிக்கிடுற மோட்டாரு போட்டாத்தான் தாங்கும்."

"பூட்டிக்கிட்டா, கரண்ட் போனா என்ன செய்ய?"

"பேட்டரி இருக்குல்லா."

"பேட்டரியும் செத்துப்போச்சுன்னா?"

"சாவி போட்டுத் தள்ளலாம்."

"அவ தள்ளுவாளா?"

ஜெபின் இரண்டு கைகளாலும் கதவை ஒருமுறை தள்ளிப் பார்த்தான். கதவு தரையைக் கீறிக்கொண்டு ஒரு சாண் நகர்ந்தது.

"மோட்டாரு கெடக்கட்டும், அண்ணாச்சி. கையால போகாத கேட்டுக்கு எந்த மோட்டாரு போட்டாலும் ஒரு வருசம் தாங்காது. மொதல்ல கீலை மாத்துவோம். கீழ பேரிங் வைப்போம். பொறவு பேசுவோம்."

[இந்த இடத்தில் எழுதுவதை நிறுத்திப் படித்துப் பார்த்தேன். ஆம்பளைகள் இருவர் பேசுகிறார்கள். கேட்டைத் திறக்க வேண்டியவள் எங்கே? உள்ளே காப்பி போடுகிறாள் என்று எழுதியிருந்தேன். வெட்கமாகிவிட்டது.]

4

கீல் மாற்றியாயிற்று. அடுத்த வாரம் ஜெபின் இரண்டு பெட்டிகளோடு வந்தான். ஒன்றில் தானாகப் பூட்டிக்கொள்ளும் மோட்டார். மற்றதில் பூட்டாத ரகம். கரண்ட் இல்லாவிட்டால் சாவியே வேண்டாம், சும்மா தள்ளலாம். அண்ணாச்சி முடிவு செய்யாததால் இரண்டையும் தூக்கிக்கொண்டு வந்திருந்தான்.

இப்போது என் வசதிக்காகக் கரண்டை நிறுத்துகிறேன். மாதாந்திரப் பராமரிப்பு, காலை ஒன்பது முதல் மாலை ஐந்து வரை. பேப்பரிலும் போட்டாயிற்று.

கோதைநாயகி வெளியே வந்தாள். ஈரக்கையை முந்தானையில் துடைத்துக்கொண்டாள். இடது கையை மட்டும் கதவில் வைத்துத் தள்ளினாள்.

போனது. சத்தமே இல்லை.

இழுத்தாள், வந்தது. மறுபடியும் தள்ளினாள்.

"இந்தக் கீலுக்கா இம்புட்டு நாளா என்னைய உள்ளயே வச்சிருந்திய?" என்றாள். சிரித்துக்கொண்டுதான் கேட்டாள்.

"தேரடி வரைக்கும் நடந்துட்டு வாரேன்."

"ஒத்தையிலயா? செத்த இரு, நானும் வாரேன்."

"டாக்டர் நடக்கத்தான சொன்னாரு. நீங்க மோட்டாரைப் பாருங்க."

"கழுத்துல செயினு கெடக்கு, கோதை!"

முந்தானையைக் கழுத்தைச் சுற்றிப் போட்டுக்கொண்டு அவள் நடந்தாள்.

கண்ணபிரானுக்குச் சந்தோஷம்தான். கூடவே பயமும். அவள் இடது கையால் திறக்கிற கதவை யாரால்தான் திறக்க முடியாது? தாழ் போட்டுக்கொண்டால், அவள் உள்ளே விழுந்து கிடக்கும் அன்று யார் வந்து திறப்பார்கள்? தாழ் போடாவிட்டால், யார் வேண்டுமானாலும் வரலாமே?

5

முடிவுகள் எழுதிப் பார்த்தேன்.

பூட்டும் மோட்டாரை மாட்டுகிறார். கேட் திறக்கும்போதெல்லாம் இராஜபாளையத்தில் அவர் போனில் தகவல் வருகிறது. "எங்க கெளம்பிட்ட?" என்று உடனே கேட்கிறார். ஒரு மாதத்தில் கோதைநாயகி தேரடிக்குப் போவதை விட்டுவிடுகிறாள். அவர் நன்றாகத் தூங்குகிறார். [எனக்குத் தூக்கம் வரவில்லை.]

பூட்டாத மோட்டாரை மாட்டுகிறார். அவள் தினமும் நடக்கிறாள், முகம் தெளிந்துவிட்டது. எட்டு போன்கள் பதினாறாகின்றன. ஆடி பிறக்கிறது. ஒரு செவ்வாய்க்கிழமை அவர் போன் போடுகிறார், மணி அடித்துக்கொண்டே இருக்கிறது, அவள் எடுக்க...

மாட்டேன். இதற்கு மேல் என்னால் எழுத முடியாது. அவள் குளித்துக்கொண்டிருக்கலாம்.

ஆகவே அவர்களை விட்ட இடத்திலேயே விடுகிறேன். தெருக்கோடியில் கோதைநாயகி போய்க்கொண்டிருக்கிறாள், இன்னும் திரும்பிப் பார்க்கவில்லை. ஜெபின் இரண்டு பெட்டிகளுக்கும் நடுவில் குத்தவைத்து, "அண்ணாச்சி, எதைப் பிரிக்கட்டும்?" என்கிறான். மலைப் பக்கமிருந்து காற்று வருகிறது. புதுக் கீலில் கதவு தானாகவே மெல்லச் சாத்திக்கொள்ளப் பார்க்கிறது. கண்ணபிரான் ஒரு கையால் அதைத் தடுத்துப் பிடித்திருக்கிறார்.

ஐந்து மணிக்குக் கரண்ட் வந்துவிடும், ஏதாவது ஒரு மோட்டாரை மாட்டியாக வேண்டும். அதற்குள் ஜெபினுக்கு நீங்கள் ஒரு பதில் சொல்லுங்கள். அதுவரை அவர் கையை எடுக்க மாட்டார்.