பத்தரை மணி ஞானஸ்நானம்

"இது செல்லாதும்மா. வெறும் தண்ணி மாதிரி இருக்கு."

"மேடம், தொண்ணூறு மில்லி கேட்டீங்க, குடுத்துட்டேன். இன்னும் என்ன?"

"நானா கேக்கறேன்? அடர்த்தி பாக்கற மீட்டர் கேக்குது. இன்னொரு தடவ குடுக்கணும். அதுவரைக்கும் எதுவும் குடிக்காதீங்க."

பிரிஸில்லாவுக்குச் சிரிப்பு வந்தது. "குடிச்சா செல்லாது, குடிக்கலன்னா வராது. நல்லா மாட்டுனேன்."

எதிரே பிளாஸ்டிக் நாற்காலியில் சங்கமித்ரா, மடியில் சோதனைப் பெட்டியோடு, அசையாமல் உட்கார்ந்திருந்தார். ஊக்கமருந்துச் சோதனைக்குச் சிறுநீர் எடுக்க வந்த அதிகாரி. மாரத்தான் அணியில் இருப்பவர்கள் தினமும் ஒரு மணி நேரம் எங்கே இருப்பார்கள் என்று முன்கூட்டியே எழுதிக் கொடுத்தாக வேண்டும். பிரிஸில்லா எழுதியிருந்தது காலை ஏழு முதல் எட்டு வரை, ஜீவனஹள்ளி வீடு. ஞாயிற்றுக்கிழமைக்கும் அதேதான்.

இன்று விடியுமுன் முப்பத்திரண்டு கிலோமீட்டர் ஓடினாள். வீட்டுக்குப் போனதும் குளித்துப் புறப்பட வேண்டும் என்ற அவசரத்தில், வழியில் பெட்ரோல் பங்கிலேயே ஒன்றுக்குப் போய்விட்டு வந்தாள். கதவருகே சங்கமித்ரா நின்றிருந்தார். ஒரு சொட்டுகூட வரவில்லை. பதறிப்போய் சொம்பு சொம்பாகத் தண்ணீர் குடித்தாள். அதுதான் தப்பாகப் போயிற்று.

இப்போது மணி ஒன்பதே முக்கால். சோபாவில், பத்தரைக்கு ஞானஸ்நானம் பெறப்போகும் தங்கை குழந்தையின் வெள்ளை அங்கியும் மெழுகுவர்த்தியும் உறை பிரிக்காமல் கிடந்தன. இரண்டையும் கொண்டுபோக வேண்டிய ஞானத்தாய் அவள்தான்.

போன் அடித்தது. தங்கை லீனா.

"அக்கா, எங்க இருக்க? இன்னிக்கு மூணு கொழந்தைங்க. ஃபாதர் யாருக்காவும் நிக்க மாட்டாரு."

"டெஸ்ட் முடியலடி."

"எங்க கல்யாணத்துக்கு ஊட்டி கேம்ப்னு வரல. இப்போ டெஸ்டு. உனக்குப் பதிலா என் நாத்தனார் நிக்கோலை நிக்கச் சொல்றாங்க எங்க மாமியார். ரிஜிஸ்டர்ல ஞானத்தாய் பேரு ஒரு தடவதான் எழுதுவாங்க, அக்கா. அப்புறம் அழிக்க முடியாது." குழந்தை வீரிட்டது. லைன் போய்விட்டது.

பிரிஸில்லா வாசலைப் பார்த்தாள். பத்தடி. அந்தப் படியைத் தனியாகத் தாண்டினால் சோதனைக்கு மறுத்ததாக அர்த்தம். நான்கு வருடத் தடை. அவளுக்கு இருபத்தொன்பது வயது. கடைசி ஐந்து கிலோமீட்டரில் யாரையும் பின்னால் விட்டுவிடுகிற கால்கள், ஐந்தடி உயரப் பெண்மணி ஒருவரின் முன்னால் தரையோடு ஒட்டிக்கொண்டு கிடந்தன.

பாத்ரூமுக்குப் போனாள். சங்கமித்ராவும் கூடவே வந்து, திறந்த கதவருகே நின்றார். ஒன்றும் வரவில்லை.

"அவசரப்பட்டா வராதும்மா," என்றார் சங்கமித்ரா, கொஞ்சம் பரிவாகவே. "எனக்கும் வீட்ல வேலை கிடக்கு. என்ன பண்றது, நீங்க என் கண்ணுல இருந்து மறையக்கூடாது. அதான் ரூல்."

பிரிஸில்லா நிமிர்ந்தாள். மணி ஒன்பது ஐம்பத்தைந்து. சோபாவிலிருந்த அங்கியை எடுத்து மார்போடு அணைத்துக்கொண்டாள்.

"மேடம், காக்ஸ் டவுன் சர்ச், ஆட்டோல பத்து நிமிஷம். பெட்டிய எடுத்துக்கிட்டு நீங்களும் வாங்க. பீடத்துக்கிட்ட என் பக்கத்துலயே நில்லுங்க, பாப்பாவைத் தூக்கறப்பகூட என்மேலருந்து கண்ண எடுக்காதீங்க. திரும்பி வந்து சாயங்காலம் வரைக்கும் உக்காந்திருக்கேன். என்னைக் கூட்டிக்கிட்டுப் போறீங்களா?"