எழிலுக்கு ஒரு முழுக்கோழி

முழுக்கோழியை வெட்டாமல் வறுப்பதில் தனகோட்டியை அடித்துக்கொள்ள செஞ்சியில் ஆள் கிடையாது. சொன்னது தனகோட்டியேதான், ஆனாலும் உண்மை. பெண்டாட்டி போன பின் மகள் எழிலை ஒண்டியாக வளர்த்த மனுஷர். பிள்ளையின் முகம் வாடினால் அவருக்குத் தெரிந்த வைத்தியம் அது ஒன்றுதான்.

மேல்சித்தாமூர் ஜைனக் குடும்பத்துப் பையன் ஸ்ரீபாலைத்தான் கட்டுவேன் என்று அவள் நின்றபோது சொந்தபந்தமெல்லாம் குதித்தது. இவர் குதிக்கவில்லை. "பையன் தங்கம். ஆனா அங்க கோழி கெடைக்காதேம்மா" என்றார். "அதான் நீ இருக்கியே நைனா" என்றாள். அந்த ஒரு பேச்சை நம்பிக் கல்யாணத்தை முடித்தார்.

ஒன்பது மாதம் கழித்து இன்றுதான் தனியாக வருகிறாள்; ராத்திரி கடைசி பஸ்ஸில் திரும்ப வேண்டும். பிள்ளையின் வாயைக் கட்டிப்போட்டுவிட்டார்களே என்று அவருக்கு உள்ளூர ஆற்றாமை. சொல்லாமல் செய்து அசத்த வேண்டும் என்று முந்தின நாளே கோழியைக் கீறி, தயிர், எலுமிச்சை, இஞ்சி பூண்டு, இடித்த மிளகு தடவி ஊறவைத்தார். வயிற்றுக்குள் சின்ன வெங்காயத்தைத் திணித்து, கால்களை நூலால் கட்டினார். அடிகனத்த குண்டானில் கடலை எண்ணெய் விட்டுப் புரட்டிச் சிவக்கவைத்து, மூடிமேல் தணலை அள்ளிப் போட்டு, சிறுதீயில் வேகவிட்டார். நடுநடுவே திறந்து, வடிந்த சாற்றையே மொண்டு மேலே ஊற்றினார். தோல் வெல்லப்பாகு நிறத்துக்கு வந்தது. அடியில் தங்கிய சாற்றை, வடித்த சோறு முழுவதிலும் கொட்டிப் பிசைந்தார். எழிலுக்குக் கோழியைவிட அந்தச் சோற்றின்மேல்தான் உயிர்.

பஸ் தாமதமாகி அவள் வரும்போது மணி ஐந்தரை. வாசலிலேயே முந்தானையால் மூக்கைப் பொத்தினாள். மசக்கையோ என்று ஒரு நொடி சந்தோஷப்பட்டுவிட்டார் மனுஷர்.

"உள்ள வாம்மா. கதவச் சாத்திட்டு சாப்டு. யாருக்குத் தெரியப்போவுது?"

"நைனா, நான் இப்ப சாப்புடுறதில்ல."

"அது அங்க. இங்க இன்னா? அவங்க கட்டுப்பாடு நம்ம வூட்லயுமா?"

"அவங்க ஒண்ணுமே சொல்லல நைனா. 'மாமா ஆசையா செஞ்சி வெச்சிருப்பாரு, சாப்ட்டு வா'ன்னு அவருதான் பஸ் ஏத்திவிட்டாரு. நானாத்தான் விட்டேன். எனக்கு இப்ப முடியல. போன்ல சொல்ல மனசு வரல."

ஒன்பது மாதமாகத் தனகோட்டி சம்பந்தி வீட்டாரை மனதுக்குள் திட்டித் தீர்த்திருந்தார். இப்போது திட்டுவதற்கு ஒருவரும் இல்லை. அது இன்னும் வலித்தது.

"பசிக்குது நைனா" என்றாள் எழில், கண் கலங்க. "உன் கையால சாப்டணும்னு காலைலேர்ந்து ஒண்ணும் சாப்டல. வெறும் சோறு போடு. மோர் ஊத்திக்கிறேன்."

வெறும் சோறு! ஒரு பருக்கை மிச்சமில்லாமல் பிசைந்து வைத்திருந்தாரே, பாவி மனுஷர்.

"இரும்மா, இதோ" என்று புதுப்பானையைத் தூக்கிக்கொண்டு கொல்லைக்கு ஓடினார். அடுப்படியெல்லாம் கோழி வாசம். மூன்று கல்லைக் கூட்டினார். காலையில் பெய்த மழையில் விறகு ஈரம். ஊதி ஊதிக் கண் சிவந்தது. எழில் பக்கத்தில் உட்கார்ந்து முறத்தால் விசிறினாள். பொழுது சாய்ந்தபின் ஸ்ரீபால் வீட்டில் யாரும் வாயில் ஒன்றும் வைப்பதில்லை; இப்போது அவளும் அப்படித்தான் என்று அவருக்குப் புரிந்துவிட்டது. இருவரும் பானையைப் பார்த்தார்கள். ராஜகிரி மலைமேல் நின்ற வெயிலையும் பார்த்தார்கள்.

அரிசி பாதி வெந்தபோது வெயில் மலைக்குப் பின்னால் இறங்கிவிட்டது.

"இன்னிக்கி ஒரு நாளு மட்டும்..." என்று ஆரம்பித்தவர் அவள் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். பெற்ற பிள்ளையிடம் கெஞ்ச அவருக்கு வெட்கமில்லை. கெஞ்சினால், தனக்காக அவள் சாப்பிட்டே விடுவாள் என்றுதான் பயம்.

எரிந்த விறகை அவரே வெளியே இழுத்துத் தண்ணீர் தெளித்தார்.

"கெளம்பும்மா. கடைசி பஸ்ஸு பூடும்."

பிறந்ததிலிருந்து எழில் அந்த வீட்டைவிட்டுப் பசியோடு போனது அன்றைக்குத்தான்.